மகளை ஊருக்குச் சொல்லாத நோபல் எழுத்தாளர்: பெர்ல் பக்கின் ஒரு சின்னப் புத்தகம் எதை மாற்றியது?

கொரட்டூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கடையில் டயட் கோலா கேன் வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ஃபீனைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று ஒரு எச்சரிக்கை இருக்கும். வாயில் நுழையாத அந்தப் பெயரை நம்மில் பலர் கவனித்திருக்கவே மாட்டோம். சுருக்கமாக பிகேயு என்பார்கள்.

1920-ல் சீனாவில் ஒரு பெண் குழந்தை இந்தக் குறைபாட்டோடு பிறந்தாள். அப்போது இப்படியொரு நோய் இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது. குழந்தையின் பெயர் கரோல். அவளுடைய அம்மா பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். ஆனால், இப்படி ஒரு மகள் இருப்பதை அவர் பல வருடங்கள் வெளியே சொல்லவே இல்லை. ஒருநாள் சொன்னார். அந்தப் புத்தகத்தின் கதைதான் இது.

யார் இந்த பெர்ல் பக்?

பெர்ல் எஸ். பக் 1892-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் கிறிஸ்தவ மிஷனரிகள். கைக்குழந்தையாக இருந்தபோதே சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டதால், ஆங்கிலத்தோடு சேர்த்து சீன மொழியையும் பேசி வளர்ந்தார்.

1917-ல் ஜான் லாஸிங் பக் என்ற வேளாண் பொருளாதார நிபுணரைத் திருமணம் செய்துகொண்டார். கணவரோடு சீன கிராமங்களில் சுற்றியபோது பார்த்த விவசாயிகளின் வாழ்க்கைதான் 1931-ல் 'தி குட் எர்த்' நாவலாக வந்தது. 1932-ல் புலிட்சர், 1938-ல் நோபல். இலக்கிய நோபல் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. புரசைவாக்கத்தில் வளர்ந்த ஆர்.கே. நாராயணின் 'தி கைடு' நாவல் 1965-ல் தேவ் ஆனந்த் நடித்துப் படமானது இல்லையா? அதன் ஆங்கிலப் பதிப்புக்குத் திரைக்கதை எழுதியவர் இதே பெர்ல் பக்.

கரோலுக்கு என்ன ஆனது?

பிறந்தபோது கரோல் மற்ற குழந்தைகள் மாதிரிதான் இருந்தாள், அழகான குழந்தை. பிரசவத்தை ஒட்டி பெர்லுக்குக் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. இனி குழந்தை பெற முடியாது என்றாகிவிட்டது.

மாதங்கள் போயின. கரோல் நடக்கவும் பேசவும் தாமதமானது. சில குழந்தைகள் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் தேற்றினார்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் இதே ஆறுதலைச் சொல்கிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், பல சமயம் அதிலேயே ஒன்றிரண்டு வருடங்கள் கைநழுவிப் போய்விடும்.

அமெரிக்கா போனபோது பெர்ல் மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்தார். எல்லோரும் பட்டும் படாமலும் பேசினார்கள். கடைசியில் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக்கில் ஒரு மருத்துவர் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் உண்மையைச் சொன்னார். இந்தக் குழந்தைக்கு அறிவு வளர்ச்சி இவ்வளவுதான், யாராவது குணப்படுத்துகிறேன் என்றால் நம்பாதீர்கள், அவள் நிம்மதியாக வாழ ஓர் இடம் தேடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்டபோது நெஞ்சு வெடித்தாலும், தன்னிடம் பொய் சொல்லாத அந்த மனிதருக்கு பெர்ல் கடைசிவரை நன்றியோடு இருந்தார்.

வேர்த்துப்போன ஒரு சின்னக் கை

இருந்தாலும் அவர் உடனே விட்டுவிடவில்லை. தானே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று மகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். எளிய வார்த்தைகளைப் படிக்க வைத்தார், எழுதப் பழக்கினார். மாதக்கணக்கில் இது நடந்தது.

ஒருநாள் எழுதச் சொல்லிக்கொடுக்க மகளின் கையைப் பிடித்தார். கை வேர்த்து ஈரமாக இருந்தது. இன்னொரு கையைப் பார்த்தார், அதுவும் அப்படித்தான். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது: அந்தக் குழந்தை எழுத ஆசைப்பட்டு எழுதவில்லை. ஒன்றும் புரியாமல், அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதற்காக மட்டும் தன் முழு சக்தியையும் போட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பாடத்தைத் தொடரவே இல்லை.

கல்வியே வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. யாருடைய ஆசைக்காக இந்தப் பாடம் என்ற கேள்வியை அவர் தன்னையே கேட்டுக்கொண்ட நாள் அது. டியூஷன், ஸ்பீச் தெரபி, பிசியோ என்று குழந்தையோடு நாள் முழுக்க ஓடும் எந்தப் பெற்றோருக்கும் இந்தக் காட்சி புரியும்.

ஏன் மறைத்தார்?

சீன நண்பர்கள் கரோலை வித்தியாசமாகப் பார்க்கவில்லை, இருக்கிறபடி ஏற்றுக்கொண்டார்கள் என்று பெர்ல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் ஷாங்காய் தெருவில் ஒருநாள், எதிரே வந்த இரண்டு இளம் அமெரிக்கப் பெண்கள் குழந்தையை உற்றுப் பார்த்து இளக்காரமாகப் பேசிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தை அவரைக் குத்தியது. மகளை மற்றவர்கள் கண்ணில் படாமல் காக்க ஆரம்பித்தார்.

1929-ல், ஒன்பது வயது கரோலை நியூஜெர்சியில் உள்ள வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். விட்டுவிட்டு சீனா திரும்பியது தன் வாழ்க்கையின் மிகக் கொடுமையான பிரிவு என்று கருதினார். கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஆயுள் முழுக்க ஆகப்போகும் செலவுக்குப் பணம் வேண்டும் என்ற நெருக்கடிதான், எழுத்தை அவர் முழுமூச்சாகப் பிடித்துக்கொள்ள ஒரு முக்கியக் காரணம்.

அப்படி எழுதிய 'தி குட் எர்த்' நாவலிலேயே கரோல் இருக்கிறாள். கதாநாயகன் வாங் லங்கின் மூத்த மகள் மனவளர்ச்சி இல்லாத பெண். பெயர்கூட இல்லாத அந்தப் பாத்திரத்தின் மீது அப்பாவுக்குத் தனிப் பாசம். லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். அது எழுத்தாளரின் சொந்த வலி என்று வெளியே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பேட்டிகளிலும் வாழ்க்கைக் குறிப்புகளிலும் கரோலைப் பற்றிப் பேச்சே வராமல் பார்த்துக்கொண்டார்.

1950-ல் என்ன நடந்தது?

நோபல் வாங்கிப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 1950 மே மாதம், 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் பெர்ல் தன் மகளைப் பற்றி எழுதினார். அதே வருடம் அது 'தி சைல்ட் ஹூ நெவர் க்ரூ' என்ற சின்னப் புத்தகமாக வந்தது. வளரவே வளராத குழந்தை என்று அர்த்தம்.

அதில் மருத்துவ ஆலோசனை குறைவு. மறுப்பது, அழுவது, கோபப்படுவது, அதிசயம் நடக்கும் என்று ஊர் ஊராக அலைவது, கடைசியில் நடப்பதை ஏற்பது என ஒரு அம்மா கடந்துவந்த படிகள்தான் புத்தகம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதை அவர் மற்ற பெற்றோருக்குச் சொன்னார். முதலில் அதைத் தனக்கே சொல்லிக்கொள்ள அவருக்கு இருபது வருடங்கள் ஆகியிருந்தன.

உலகப் புகழ்பெற்ற ஒருவர் இப்படி வெளிப்படையாக எழுதியது அன்றைக்கு அரிது. எங்கள் வீட்டிலும் ஒரு கரோல் இருக்கிறாள் என்று பெற்றோர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அதே 1950-ல்தான் அமெரிக்கப் பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1953-ல் நடிகை டேல் எவன்ஸ், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்து இறந்த தன் மகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1962-ல், அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் தன் அக்கா ரோஸ்மேரியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். மூடியிருந்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

சரி, பிகேயு என்றால் என்ன?

பருப்பு, பால், முட்டை, இறைச்சி என எல்லாப் புரதத்திலும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பிகேயு உள்ளவர்களின் உடலால் அதைச் சரியாக உடைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து, வளரும் மூளையைப் பாதிக்கும். டயட் பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியிலிருந்தும் இதே ஃபீனைல்அலனின் வருகிறது. கேனில் எச்சரிக்கை இருப்பது அதனால்தான்.

1934-ல் நார்வேயில் ஒரு அம்மா, வளர்ச்சி பாதித்த தன் இரண்டு குழந்தைகளின் சிறுநீரில் விநோதமான வாடை வருவதை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் காதில் வாங்கிக்கொண்ட மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்தான் இந்த நோயைக் கண்டுபிடித்தார். 1950-களில் சிறப்பு உணவுமுறை வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டறியும் பரிசோதனையைக் கொண்டுவந்தார். கத்ரிக்கும் மனவளர்ச்சி பாதித்த ஒரு மகன் இருந்தார்.

முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து உணவை மாற்றினால், குழந்தையின் மூளையைப் பாதிப்பிலிருந்து காப்பாற்றலாம். கரோலுக்கு இருந்தது பிகேயு என்று தெரியவந்தபோது அவருக்கு நாற்பது வயதை ஒட்டியிருந்தது. காலம் கடந்திருந்தது.

இது மரபுவழிக் குறைபாடு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள நம் ஊரில் இப்படிப்பட்ட மரபுவழி நோய்களுக்கான வாய்ப்பு கூடும். ஆனால், இந்தக் குதிகால் பரிசோதனை இந்தியாவில் எல்லாக் குழந்தைக்கும் நடப்பதில்லை. பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவைப்பது நல்லது.

பெர்ல் செய்தது எல்லாம் சரியா?

இன்றைய கண்ணால் பார்த்தால் புத்தகத்தில் நெருடல்கள் உண்டு. அன்று சாதாரணமாகப் புழங்கிய சில சொற்கள் இன்று வசை. நம் ஊரிலும் அப்படித்தான். மாற்றுத்திறனாளி என்ற சொல் அரசு வழக்குக்கு வந்ததே 2010-ல்தான்.

தலைப்பும் சிக்கல்தான். வளராத குழந்தை என்றார் அம்மா. கரோலோ வளர்ந்து, பெரியவராகி, முதியவரானார். இசை என்றால் அவருக்கு உயிர். சிம்பொனி இசைத்தட்டுகளை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, தனி விடுதியில் சேர்ப்பதுதான் வழியா? இன்றைய சட்டம் வேறு திசையில் போகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தை, 6 முதல் 18 வயது வரை, அருகில் உள்ள பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். பெர்லுக்கு இந்த இரண்டாவது வழி இருக்கவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எங்களுக்கு அப்புறம் யார்?

கொரட்டூரிலோ அம்பத்தூரிலோ இப்படி ஒரு குழந்தையை வளர்க்கும் பெற்றோரின் மனதில் ஓடும் கடைசிக் கேள்வி இதுதான். பெர்லைத் தூங்கவிடாமல் செய்ததும் இதே கேள்வி.

இதற்காகவே இந்தியாவில் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க இதில் வழி உண்டு. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நிரமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் ஆரம்பத்திலேயே காட்ட, அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது.

பெர்ல் தன் கேள்விக்குத் தன் வழியில் விடை தேடினார். புத்தகங்கள் தந்த பணத்தில், மகள் ஆயுள் முழுக்க வைன்லேண்டில் இருப்பதற்கான ஏற்பாட்டைச் செய்துவைத்தார். 1973 மார்ச்சில், 80 வயதில் இறந்தார். கரோல் அதே இடத்தில் மேலும் 19 வருடங்கள் வாழ்ந்து, 1992-ல் 72 வயதில் காலமானார்.