வெஞ்சுரி மீட்டரும் ஒரு பேராசிரியரும்

போன செமஸ்டர் ஹைட்ராலிக்ஸ் லேப் வைவாவில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வெஞ்சுரி மீட்டரில் குறுகும் பக்கம் குட்டையாகவும் விரியும் பக்கம் நீளமாகவும் இருப்பது ஏன்? ரெக்கார்டு நோட்டில் படம் அழகாகத்தான் போட்டிருந்தேன். காரணம் மட்டும் தெரியாது. தலையைக் குனிந்தபடி நின்றேன். அப்புறம் நூலகத்தில் அந்தக் காரணத்தைத் தேடியபோது ஒரு மனிதரின் வாழ்க்கையே கிடைத்தது. அவர் பெயர் லுட்விக் பிராண்டல்.

ஜெர்மனியில் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த ஃப்ரைஸிங் என்ற ஊரில் 1875 பிப்ரவரி 4-ம் தேதி பிறந்தார். அப்பா பொறியியல் ஆசிரியர். அம்மா நெடுநாள் நோயாளி என்பதால் அப்பாவோடு ஒட்டியே வளர்ந்தார். மூனிக் நகரில் ஆகஸ்ட் ஃபொப்பல் என்ற பேராசிரியரிடம் படித்து 1900-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சி எதில் தெரியுமா? தண்ணீரிலும் இல்லை, காற்றிலும் இல்லை. பளு ஏற்றிய உத்தரம் பக்கவாட்டில் புரண்டுவிடுவதைப் பற்றி!

படிப்பு முடிந்ததும் நியூரம்பர்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. அங்கே சீவல்களைக் காற்றால் உறிஞ்சி எடுக்கும் கருவியைச் சீர்செய்யச் சொன்னார்கள். குழாயை ஓரிடத்தில் விரிவாக்கினார். அங்கே வேகம் குறையும், அழுத்தம் ஏறும் என்பது கணக்கு. ஆனால் அழுத்தம் ஏறவில்லை. காற்று சுவரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில் கருவியைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். இன்னொருவராக இருந்தால் அதோடு மறந்திருப்பார். இவர் 1901-ல் ஹனோவரில் பேராசிரியராகப் போன பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை.

சாதாரண வசதிதான். கையால் சுற்றும் சக்கரம், ஓடும் தண்ணீர், அதில் மினுங்கும் கனிமத் துகள். அவ்வளவே அவருடைய சோதனைச் சாலை! 1904 ஆகஸ்டில் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் அவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அச்சில் வந்தபோது வெறும் எட்டுப் பக்கம். அதில்தான் பவுண்டரி லேயர் பிறந்தது.

அவர் சொன்னது இதுதான். சுவரை ஒட்டிய திரவம் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். பாகியலின் வேலை முக்கியமாக அந்த மெல்லிய அடுக்குக்குள்தான். வழியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், ஏற்கனவே வேகம் குறைந்த அந்த அடுக்கால் ஏறிப்போக முடியாது. நின்று, பின்னால் திரும்பி, சுவரை விட்டுப் பிரியும்.

பிரிந்த அடுக்கு அமைதியாகவும் போகாது. ஒரு பக்கம் வேகமான ஓட்டம், மறுபக்கம் ஏறக்குறைய அசையாத தண்ணீர். நடுவில் சின்ன மேடு ஒன்று எழுந்தால், மேட்டுக்கு மேலே வேகம் கூடும், அழுத்தம் குறையும். நம்ம பெர்னூலிதான்! அதனால் மேடு இன்னும் இழுக்கப்படும். அலை பெரிதாகி, பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு சுழலாகிவிடும். ஒரு உருளையின் ஒரு பக்கத்தில் சிறு பிளவு வைத்து அந்த அடுக்கை உறிஞ்சி எடுத்தார். அந்தப் பக்கம் மட்டும் ஓட்டம் பிரியாமல் ஒட்டி வந்தது.

அதே 1904-ல் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைனின் முயற்சியால் காட்டிங்கன் பல்கலைக்கழகம் போனார். 1909-ல் தன் ஆசிரியர் ஃபொப்பலின் மகளையே மணந்தார். அங்கே ஹீமென்ட்ஸ் என்ற மாணவர் உருளையைச் சுற்றி அமைதியான ஓட்டம் வேண்டும் என்று பாடுபட்டார். உருளையைத் திருத்தினார், கால்வாயைத் திருத்தினார். ஓட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த வான் கார்மன், தவறு கருவியில் இல்லை, இயற்கையே அப்படித்தான் என்று 1911-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். மாறி மாறி விடுபடும் அந்தச் சுழல் வரிசைக்கு இன்று அவர் பெயர்தான்.

1914-ல் பிராண்டல் ஒரு பந்தின் மேல் மெல்லிய கம்பி வளையம் மாட்டினார். இழுவை கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்தது! கம்பி தட்டியதும் லாமினார் அடுக்கு கொந்தளிப்பாகி, வேகமான காற்றைச் சுவர்ப்பக்கம் கொண்டுவந்தது. அதனால் பிரிவது தள்ளிப்போனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1933-க்குப் பின் நாஜி ஆட்சியில் காட்டிங்கனின் யூத அறிஞர்கள் பலர் விரட்டப்பட்டார்கள். பிராண்டல் அரசின் விமான ஆராய்ச்சியில் தொடர்ந்து பணியாற்றினார். தாக்குதலுக்கு ஆளான ஹைசன்பர்குக்காகப் பரிந்து பேசியதும் உண்டு. ஆனாலும் அந்த ஆட்சிக்கு உழைத்தார் என்பது உண்மை. அறிவு பெரிது என்பதற்காக அதை நான் விட்டுவிட முடியாது. 1953 ஆகஸ்ட் 15-ல் காட்டிங்கனில் காலமானார்.

இப்போது என் வைவா பதில்: விரியும் பக்கத்தில் அழுத்தம் ஏறுகிறது, சட்டென்று விரித்தால் அடுக்கு பிரிந்து சுழலாகி ஆற்றல் வீணாகும், அதனால்தான் நீளமாக, மெதுவாக விரிக்கிறோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். புரியாததைக் கேட்டால் சிரிப்பார்களோ என்று பல தடவை வாயை மூடிக்கொண்டேன். பிராண்டலுக்கே ஒரு குழாய் புரியாமல்தான் எல்லாம் தொடங்கியது. அதனால் இந்த செமஸ்டர் நான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள் நண்பர்களே!