ஆறு கைகளும் ஒரு கனவும்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. சரிதான். ஆனால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். அதுதான் தோல்! முக்கியமாக, பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள் பேர் போனவை. (ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் நினைவாக வந்த பெயர்தான் பேகம்பூர். அவரது அடக்கத்தலம் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது.)

தோல் ஷாப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். சுண்ணாம்பில் ஊறி, முடி நீக்கிய வெள்ளைத் தோலை ஒரு பெரிய டிரம்மில் போட்டுச் சுழற்றுவார்கள். கூடவே குரோமியம் உப்பைக் கரைத்து விடுவார்கள். வெளியே எடுத்தால் தோல் வெளிர் நீலமாக இருக்கும்! யாரும் நீலச் சாயம் போடவில்லை. பிறகு எப்படி? அதுமட்டுமா? அழுகிப் போக வேண்டிய தோல், இனி வருடக்கணக்கில் கெடாது.

இந்த மாயத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கண்டுபிடித்தவர் பேகம்பூரைக் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார். அவர் பெயர் ஆல்பிரட் வெர்னர்.

வெர்னர் 1866 டிசம்பர் 12 அன்று மல்ஹவுஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது பிரான்ஸ் நாட்டில் இருந்தது. அவருக்கு நான்கு வயதாகும்போது போர் முடிந்து, ஊர் ஜெர்மனிக்குப் போய்விட்டது. வீடு அதே வீடு, தெரு அதே தெரு. நாடு மட்டும் வேறு! பள்ளியில் ஜெர்மன், வீட்டில் பிரெஞ்சு என்று வளர்ந்தான் சிறுவன் ஆல்பிரட். பதினெட்டு வயதிலேயே வேதியியலில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ராணுவப் பயிற்சியை முடித்துவிட்டு, 1886-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் படிக்கப் போனார். கணக்கில் அவர் சுமார்தான். ஆனால் ஒரு பொருளை மனதுக்குள்ளேயே முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பதில் கெட்டிக்காரர். பின்னால் அதுதான் கை கொடுத்தது.

அந்தக் காலத்து வேதியியல் அறிஞர்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு புதிர் இருந்தது. சொல்கிறேன், கேளுங்கள்.

கோபால்ட் ஓர் உலோகம். அதற்கு மூன்று கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு குளோரினைப் பிடித்துக்கொள்ளும். கணக்கு முடிந்தது. அமோனியாவுக்கும் கைகள் காலியாக இல்லை. எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் சேரவே கூடாது, இல்லையா? ஆனால் சேர்ந்தன! அதுவும் அழகழகான நிறங்களில். ஆறு அமோனியா சேர்ந்தால் மஞ்சள். ஐந்து சேர்ந்தால் ஊதா கலந்த சிவப்பு. நான்கு சேர்ந்தால் பச்சை.

இன்னொரு விசித்திரம். இவற்றின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால், தனியாகத் திரியும் குளோரின் எல்லாம் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். மஞ்சளில் மூன்று குளோரினும் படிந்தன. சிவப்பில் இரண்டுதான். பச்சையில் ஒன்றே ஒன்று! மீதிக் குளோரின் எங்கே ஒளிந்துகொண்டது?

கோபன்ஹேகனில் இருந்த ஜார்கென்சன் என்ற பேராசிரியர் இதில் பெரிய நிபுணர். ரயில் பெட்டிகள் மாதிரி அமோனியாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, சங்கிலியாக மாட்டிக்கொண்டிருக்கின்றன என்றார் அவர். பெரும்பாலானோர் அதைத்தான் நம்பினார்கள்.

1892-ம் ஆண்டின் கடைசி. வெர்னருக்கு வயது 26. அதிகாலை இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு விழித்தார். தூக்கத்திலேயே புதிருக்கு விடை வந்திருந்தது! உடனே எழுத உட்கார்ந்தவர், அன்று மாலை ஐந்து மணிக்குத்தான் பேனாவைக் கீழே வைத்தாராம். மறுவருடமே அது கட்டுரையாக வெளிவந்தது.

விடை இதுதான். கோபால்ட்டுக்கு இரண்டு விதமான பிடிகள் உண்டு. மூன்று கைகள் ஒரு விதம். அதைத் தவிர, தன்னைச் சுற்றி ஆறு இடங்களையும் அது வைத்திருக்கிறது: மேலே, கீழே, இடம், வலம், முன், பின். அந்த ஆறு இடங்களும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். ஆறு அமோனியா வந்தால் எல்லா இடமும் போச்சு. மூன்று குளோரினும் வெளியே. ஐந்து வந்தால் ஒரு குளோரின் உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும், வெளியே இரண்டு. நான்கு வந்தால் உள்ளே இரண்டு, வெளியே ஒன்று. கணக்கு டாண் என்று சரியாக வருகிறதா?

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு களிமண் உருண்டையில் ஆறு திசைக்கும் ஆறு ஈர்க்குச்சிகளைக் குத்துங்கள். இரண்டு குச்சிகளின் நுனியில் சிவப்பு மணி, நான்கில் வெள்ளை மணி. எத்தனை விதமாக வைக்க முடியும்? சிவப்பு இரண்டும் எதிரெதிரே இருக்கலாம். அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவ்வளவுதான், இரண்டே விதம். குச்சிகளைத் தட்டையாக, சக்கரத்து ஆரம் போலக் குத்தினால் மூன்று விதம் வரும். ஆகவே இரண்டு நிறங்கள் மட்டும் கிடைத்தால் வெர்னர் சொன்ன வடிவம் சரி!

இங்கேதான் சிக்கல். நான்கு அமோனியா உள்ளதில் பச்சை மட்டுமே எல்லோர் கையிலும் இருந்தது. இரண்டாவது எங்கே? ஜார்கென்சன் விடாமல் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டுரை எழுதியபோது வெர்னர் இந்தப் பொருள்களில் பெரிதாகச் சோதனை எதுவும் செய்திருக்கவில்லை. அவர் காட்டிய சான்றுகளில் பல, ஜார்கென்சனே பாடுபட்டுச் செய்த சோதனைகள். இளைஞர் ஒருவர் கனவு கண்டுவிட்டு, மூத்தவரின் வேலையை வைத்தே மூத்தவரைத் தவறு என்கிறார். சும்மா விடுவார்களா?

வெர்னர் சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆய்வுக்கூடம் என்று கிடைத்தது இருட்டான நிலவறைகள். மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் கல்லறைச் சுரங்கம்! பகலிலும் விளக்கு வேண்டும். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு சேர்மமாகத் தயாரித்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை குட்டீஸ். பதினான்கு வருடம் கழித்து, 1907-ல் அந்த இரண்டாவது பொருள் கிடைத்தது. நிறம், ஊதா! ஜார்கென்சன் வீம்பு பிடிக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் அவரும் ஒரு ஹீரோதான்.

அப்படியும் சிலர் விடவில்லை. வெர்னர் சொன்ன வடிவம் உண்மை என்றால், சில சேர்மங்கள் இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் போல இரட்டையாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. அவற்றைப் பிரித்துக் காட்ட முடியுமா? விக்டர் கிங் என்ற அமெரிக்க மாணவர் இதில் இறங்கினார். இரண்டாயிரம் முறைக்கு மேல் படிகமாக்கிப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1911-ல் ஜெயித்தார்! கார்பன் இருப்பதால்தான் அப்படி என்றார்கள் எதிர்த்தவர்கள். 1914-ல் கார்பனே இல்லாத ஒரு சேர்மத்தையும் பிரித்துக் காட்டிவிட்டார் வெர்னர். அதற்கு முந்தைய ஆண்டே, 1913-ல், நோபல் பரிசு அவரைத் தேடி வந்திருந்தது. வேதியியல் நோபலைச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

சரி, இப்போது அந்த நீலத் தோலைப் பார்ப்போமா? தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அது மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது. இந்த வடிவத்தை 1954-ல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். குரோமியத்துக்கும் கோபால்ட் போலவே ஆறு இடங்கள். முதலில் அவற்றில் தண்ணீர் போன்றவை உட்கார்ந்திருக்கும். தோலுக்குள் போனதும் சில இடங்களைக் காலி செய்துவிட்டு, இந்தக் கயிற்றை ஒரு பக்கம், பக்கத்துக் கயிற்றை இன்னொரு பக்கம் என்று பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான், கயிறுகள் கட்டுண்டுவிட்டன! கிருமிகளால் எளிதில் பிரித்துத் தின்ன முடியாது. பச்சைத் தோல் 65 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கும். குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். அந்த நீலமும் குரோமியம் ஆறு இடங்களில் பிடித்திருப்பதன் நிறமே. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்த வேலை, இப்படி ஓரிரு நாளில் முடிகிறது.

பிடிபடாத குரோமியம்? அது கழிவுநீரோடு போகும். தோல் கழிவுகளின் உப்பும் குரோமியமும் திண்டுக்கல் வட்டாரத்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கழிவுநீரிலுள்ள குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கி, மறுபடி தோலுக்கே பயன்படுத்தும் முறையும் உண்டு. அதற்கும் வெர்னரின் கணக்குதான் வேண்டும்.

பிளாட்டினத்துக்குப் பல சேர்மங்களில் நான்கே இடங்கள், ஒரு சதுரத்தின் மூலைகள் போல. இரண்டு குளோரின் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. எதிரெதிரே இருந்தால் அந்த மருந்தின் வேலையைச் செய்யாது. அணுக்கள் அதேதான், உட்கார்ந்த இடம்தான் வேறு. இந்த இரண்டு வடிவங்களையும் வெர்னர் 1893-லேயே விளக்கிவிட்டார். அது மருந்தாகும் என்று தெரிய வந்ததோ 1960-களில்.

அதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. ரத்தக்குழாய் இறுகும் நோய் அவரைப் படுத்தியது. 1919 அக்டோபரில் பதவியை விட்டார். ஒரே மாதத்தில், நவம்பர் 15 அன்று காலமானார். வயது 52தான்.

அவரிடம் 200-க்கும் மேற்பட்டோர் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார்கள். பெண்களை ஆய்வுக்கூடத்தில் சேர்க்கப் பல இடங்களில் யோசித்த காலத்தில், எடித் ஹம்ப்ரி என்ற இங்கிலாந்துப் பெண் அவரிடம் உதவியாளராக வேலை பார்த்து, 1901-ல் டாக்டர் பட்டம் பெற்றார். நூறு வயது தாண்டி வாழ்ந்தவர் அவர்! அந்த நிலவறையில் அவர் தயாரித்த படிகங்கள் 1991-ல் சுவிட்சர்லாந்திலிருந்து லண்டனில் உள்ள ராயல் வேதியியல் கழகத்துக்குப் பரிசாகப் போயின, ஒரு சின்னப் பெட்டிக்குள்.