கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகே சிதறால் மலை என்னும் குன்று ஒன்று உண்டு. திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். அங்குள்ள பகவதி கோயிலில் வழிபடச் செல்வோர், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற உருவங்களைக் கண்டு, முனிவர் போலும் என்றெண்ணிக் கைகூப்பி மீள்வர். கூர்ந்து நோக்கும் ஒருவனுக்கோ அவ்விடத்தில் வினாக்கள் பல எழும். இவை எவருடைய உருவங்கள்? எக்காலத்தன? தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் அமைந்திருத்தல் ஏன்? முக்குடை சமணத் தீர்த்தங்கரர்க்கு உரியது. அங்குள்ள கல்வெட்டு ஒன்று ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தது, அஃதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டினது. ஆகவே இன்று பகவதி வீற்றிருக்கும் குன்று, ஒருகாலத்தில் சமண முனிவர் உறைந்த பள்ளியாக விளங்கியது என்பது தெளிவாகும். கல்லும் செம்பும் வண்ணமும் கொண்டு மாந்தர் ஆக்கிய வடிவங்களை இங்ஙனம் வினவி, ஆக்கியோர் காலத்தையும் கருத்தையும் உணர முயலும் துறையே கலை வரலாறாகும். நம் நாட்டுக் கலைகளுக்கு அத்தகைய வரலாற்றை வகுத்தோருள் தலையாயவர், ஈழத் தமிழ்க்குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாயார் எலிசபெத்து ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879இல், தந்தையார் உயிர்நீத்தார். பிள்ளை தாயின் நாட்டில் வளர்ந்து, ஆங்கிலமே பேசி, இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் நிலநூலும் செடிநூலும் பயின்று 1900இல் தேர்ச்சி பெற்றான். கோயிலையோ சிற்பத்தையோ அறியும் வாய்ப்பு அவ்விளைஞனுக்கு அதுகாறும் கிட்டியதில்லை எனலாம்.

பின்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக அவர் அமர்ந்தார். 1904இல் தோரியனைட்டு என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தார். தோரியம் என்னும் தனிமம் செறிந்தது அது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் தோரியம் கலந்திருத்தலை நாஞ்சில் நாட்டு மாணவர் அறிவர். அவ்வாய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் நல்கியது. அவ்வழியே சென்றிருப்பின் சிறந்த நிலநூலறிஞராக மட்டும் அவர் பெயர் நின்றிருக்கும்.

ஆனால் கல்லைத் தேடி ஊர்தோறும் நடந்தவர் கண்ணில் கைவினைஞர் பட்டனர். கண்டி நாட்டரசர் காலத்தில் ஓவியர்க்கும் கொல்லர்க்கும் தச்சர்க்கும் தொழிற்கு ஈடாக நிலம் அளிக்கப்பட்டிருந்தது. 1815இல் அவ்வரசு ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தபின் ஆதரிப்பார் இலராயினர். ஆலையில் வார்த்த பண்டங்கள் கடைத்தெருவை நிறைத்தன. தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழில் தம் கண்முன்னே மடிவதைக் குமாரசுவாமி கண்டார். பழம்பொருளைத் திரட்டியதோடு அவர் நின்றாரல்லர். தொழிலாளரிடம் அமர்ந்து அவர்தம் கருவி, அளவு, சடங்கு யாவற்றையும் கேட்டெழுதினார். புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கும் அவற்றுள் ஒன்று. அதன் பயனாக இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. கைத்தொழிலைப் போற்றிய நூலை இயந்திர ஆலையில் அச்சிடுதல் தகாது என்று கருதிய அவர், ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலே அதனை அச்சிடுவித்தார். வெளிவந்த படிகள் 425 மட்டுமே. கொள்கையை நூலின் தாளிலும் காட்டிய ஆசிரியர் உலகில் அரியர்.

அக்காலத்து மேனாட்டறிஞர் பலர், இந்தியர்க்கு நெசவும் நகையும் போன்ற தொழில்கள் உளவேயன்றி உயர்ந்த சிற்பம் இல்லை என்றே கருதினர். 1910இல் இலண்டனில் நடந்த கூட்டம் ஒன்றில், சர் ஜார்ஜ் பேர்டுவுடு என்பார் சாவகத் தீவின் புத்தர் சிலை ஒன்றை வேகவைத்த மாப்பண்டத்திற்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். இத்தனைக்கும் அவர் இந்தியக் கைத்தொழில்களை நன்கு கற்றவர்! பயின்ற கண்ணும் பிறர் கருத்தை அறியாவழிக் குருடாகும் போலும். ஹாவெல் முதலியோருடன் கூடிக் குமாரசுவாமி இவ்விகழ்ச்சிக்கு விடையிறுக்க முற்பட்டார். அவ்வாண்டிலேயே இலண்டனில் இந்தியக் கழகம் தோன்றியது.

அவர் கைக்கொண்ட வழி சினந்து பேசுதலன்று, சான்று காட்டுதலே. நடராசர் திருவுருவை எடுத்துக்கொள்வோம். நான்கு கையும் தூக்கிய காலும் மேனாட்டார்க்கு விந்தையாகத் தோன்றின. குமாரசுவாமி, திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய சைவ நூல்களின் துணைகொண்டு, துடியில் படைத்தலும், அமைத்த கையில் காத்தலும், தீயில் அழித்தலும், ஊன்றிய அடியில் மறைத்தலும், எடுத்த அடியில் அருளலும் குறிக்கப்பெறுதலை விளக்கினார். 1912இல் சித்தாந்த தீபிகை என்னும் இதழில் வந்த அக்கட்டுரை, 1918இல் சிவ நடனம் என்னும் பொருளுடைய நூலின் பகுதியாகி உலகெங்கும் பரவியது. தில்லையில் நாள்தோறும் நாம் கண்ட உருவின் பொருளை மேனாட்டார் அறிந்தது பெரிதும் அந்நூலால்தான்.

புத்தர் படிமம் பற்றியும் ஒரு வழக்கு இருந்தது. காந்தாரத்துச் சிற்பிகள் யவனரிடம் கற்றே முதன்முதல் புத்தரை வடித்தனர் என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே நாட்டியிருந்தார். குமாரசுவாமியோ மதுராவின் செம்மணற்கல் உருவங்களை அவற்றிற்கு முற்பட்ட இயக்கர் சிலைகளோடு வைத்து ஒப்பிட்டார். நிற்கும் நிலை, அகன்ற தோள், ஆடையின் அமைதி ஆகியன இரண்டிலும் ஒத்திருத்தலைக் காட்டி, இந்நாட்டு மரபிலிருந்தே படிமம் தோன்றியது என 1927இல் வாதிட்டார். அவ்வழக்கு இன்னும் முற்றும் ஓய்ந்திலது. ஆயினும் யவனரின்றி நமக்குச் சிற்பமில்லை என்னும் பேச்சு அத்துடன் தளர்ந்தது.

இராசபுத்திர ஓவியங்களை மொகலாய ஓவியங்களினின்று பிரித்துணர்த்திய பெருமையும் அவர்க்குரியது. 1916இல் இது பற்றி அவர் வெளியிட்ட நூல் புதியதொரு துறையையே திறந்தது. அவர் இட்ட எல்லைக்கோடு மிகக் கடியது என்று பின்வந்தோர் திருத்தியுள்ளனர். முதற்கோடு இட்டவர்க்கு இது குறையாகாது.

இவ்வோவியங்களை அவர் பலகால் அலைந்து, தம் பொருளைச் செலவிட்டுத் தொகுத்தவர். காசியில் நாட்டுக் கலைக்கூடம் ஒன்று எழுப்பின், அனைத்தையும் அதற்கு ஈவதாக அறிவித்தார். கட்டடத்துக்குப் பொருளுதவ எவரும் முன்வந்திலர். தம்மதன் அருமையைத் தாமே அறியாதோர் நாமாயினோம். 1917இல் அத்தொகுதி அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. செல்வர் டென்மன் ராஸ் அதனை விலைக்கு வாங்கி அக்கூடத்துக்கு வழங்கினார். இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராகக் குமாரசுவாமியும் அங்கே சென்று, எஞ்சிய 30 ஆண்டும் அங்கேயே பணியாற்றினார்.

கலைக்கூடத்தில் ஊதியம் பெற்ற அவரே, அக்கூடங்களைப் பற்றி அஞ்சாது எழுதினார் என்பது வியப்பன்றோ? கண்ணாடிப் பேழையுள் நிற்கும் தெய்வம் எவரும் வணங்குவதற்கின்றி நிற்கிறது. வழிபாட்டையும் பயனையும் அறியாமல் அழகை மட்டும் வியப்பது பொருளறியாது பாட்டைக் கேட்பதாகும் என்பது 1943இல் வந்த அவரது நூலின் கருத்து. ஒவ்வொரு படிமத்துக்கும் ஓர் ஊரும் ஒரு கோயிலும் உண்டு என்னும் இவ்வுணர்வு ஏட்டளவில் நிற்பதன்று. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய், 2008இல் ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் விலைக்கு வாங்கிய நடராசர், 2014இல் தாய்நாடு திரும்பினார். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த நிழற்படமே அவர் ஊரைக் காட்டிக்கொடுத்தது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் குமாரசுவாமிக்கு 70 ஆண்டு நிறைந்தது. இந்தியா அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தது. பணியினின்று நீங்கி, இந்தியாவுக்கு மீண்டு இமயமலைச் சாரலில் தவவாழ்வு வாழ விழைவதாக அவர் நண்பர்க்குத் தெரிவித்தார். செப்டம்பர் 9ஆம் நாள், பாஸ்டனை அடுத்த நீதம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். அவர் காசிக்கு ஈய விரும்பிய ஓவியங்கள் இன்றும் பாஸ்டனிலேயே உள்ளன.