செவாலியர் ஜாக்சன்

செவாலியர் குவிக்சோட் ஜாக்சன் (நவம்பர் 4, 1865 – ஆகஸ்ட் 16, 1958) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டை நோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆவார். விழுங்கப்பட்டோ மூச்சுடன் உள்ளிழுக்கப்பட்டோ உணவுக்குழலிலும் மூச்சுக்குழலிலும் சிக்கிக்கொண்ட பொருட்களை, கழுத்தையோ மார்பையோ கீறாமல் வாய்வழியாகவே வெளியே எடுக்கும் முறையை நம்பத்தக்க மருத்துவ முறையாக நிலைநிறுத்தியவர் இவர். இதற்கு வேண்டிய ஒளிக்குழாய்களையும் நீண்ட இடுக்கிகளையும் தாமே வடிவமைத்தார். இவருடைய பெயரில் உள்ள 'செவாலியர்' என்பது பிரெஞ்சு அரசு வழங்கும் விருதைக் குறிப்பதன்று. அது பெற்றோர் இட்ட பெயர்.

இளமையும் கல்வியும்

ஜாக்சன் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதியில் வளர்ந்த இவர், உருவில் சிறியவராகவும் கூச்ச இயல்பினராகவும் இருந்ததால் பள்ளியில் உடன் படித்த மாணவர்களின் கொடுமைக்குத் தொடர்ந்து ஆளானார். ஒருமுறை அவர்கள் இவரைக் கைவிடப்பட்ட நிலக்கரிக் குழி ஒன்றில் தள்ளிவிட்டுச் சென்றனர் என்றும், தற்செயலாக அவ்வழியே வந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரால் உயிர் பிழைத்தார் என்றும் 1938இல் வெளியான தம் தன்வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதைப் பட்டறையில் மரத்துடனும் உலோகத்துடனும் கழித்தார். ஓவியமும் இளமையிலேயே கைவந்தது. கண்ணாடிப் பொருட்களிலும் பீங்கான் பாத்திரங்களிலும் ஓவியம் தீட்டிக் கல்விச் செலவுக்குப் பொருள் ஈட்டினார்.

1886ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலுள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, அக்காலத்தில் குரல்வளை மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த மோரல் மெக்கன்சியிடம் பயிற்சி பெற்றார். 1887இல் பிட்ஸ்பர்க் திரும்பித் தொண்டை மருத்துவராகத் தொழிலைத் தொடங்கினார். 1899இல் ஆலிசு பென்னெட் ஒயிட் என்பவரை மணந்தார்.

முதல் கருவி

தொண்டையின் ஆழத்தைப் பார்ப்பதற்கு அக்காலத்து மருத்துவர்களிடம் இருந்த முதன்மையான கருவி, நீண்ட பிடியில் சாய்வாகப் பொருத்திய சிறு கண்ணாடி மட்டுமே. அதில் குரல்வளையின் பிம்பம் தெரியும். அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் இருளில்தான் இருந்தன. ஒரு குழந்தை காசையோ ஊக்கையோ விழுங்கி அது வழியில் சிக்கிக்கொண்டால், மருத்துவர்கள் கொக்கி போன்ற கருவிகளைக் கண்மூடித்தனமாக உள்ளே செலுத்தித் துழாவினர். பொருள் வெளியே வருவதும் உண்டு; உணவுக்குழல் கிழிந்து நோயாளி இறப்பதும் உண்டு.

1890ஆம் ஆண்டளவில் ஜாக்சன் உணவுக்குழலுக்குள் நேராகப் பார்க்க உதவும் குழாய் ஒன்றை உருவாக்கினார். அதைக் கொண்டு சிக்கிய பொருட்களை எடுப்பதில் வெற்றியும் கண்டார். ஆயினும் போதிய பயிற்சி இல்லாத பிறர் அத்தகைய கருவியைப் பயன்படுத்தியபோது நோயாளிகள் சிலர் இறந்தனர். கருவி சரியாக இருந்தாலும் அதை ஏந்தும் கை பழகாததாக இருந்தால் அதுவே கொல்லும் என்பதை உணர்ந்த ஜாக்சன், அதைப் பரப்பும் முயற்சியைச் சில காலம் நிறுத்திவைத்தார். அவருடைய பிற்காலப் பணிகளில் பெரும்பகுதி இந்த அனுபவத்தின் விளைவு என்றே கொள்ளலாம்.

குழாயின் நுனியில் ஒளி

1897இல் செருமனியின் பிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியான் என்ற மருத்துவர், விவசாயி ஒருவருடைய மூச்சுக் கிளைக்குழலில் சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை நேரான உலோகக் குழாய் வழியாக எடுத்தார். மூச்சுக்குழல் அகநோக்கியின் தொடக்கம் இதுவே. ஜாக்சன் தம் முதல் நூலைக் கில்லியானுக்கே காணிக்கையாக்கினார்.

கில்லியானின் முறையில் ஒளி வெளியிலிருந்து குழாய்க்குள் பாய்ச்சப்பட்டது. நீண்டு குறுகிய குழாயில், அதிலும் இடுக்கி நுழைந்தபின், அந்த ஒளி அடி வரை சென்று சேர்வது கடினம். நியூயார்க்கைச் சேர்ந்த மாக்ஸ் ஐன்ஹார்ன், குழாயின் சுவரில் தனியாக ஒரு மெல்லிய துணைக்குழல் அமைத்து அதன் வழியே சிறு மின்விளக்கை நுனிக்குக் கொண்டு செல்லும் வழியை உணவுக்குழல் கருவிக்கு முன்மொழிந்திருந்தார். ஜாக்சன் இக்கருத்தை மேம்படுத்தி மூச்சுக்குழலுக்கும் பயன்படுத்தினார். சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சி அகற்றும் அமைப்பையும் இணைத்தார்.

இக்குழாய்களின் அளவுகள் நோயாளியின் வயதைப் பொறுத்தவை. 1922இல் அவர் வெளியிட்ட கையேட்டின்படி, கைக்குழந்தைகளுக்கு 4 மில்லிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட குழாய். பெரியவர்களுக்கு 9 மில்லிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. பென்சிலை விட மெல்லிய குழாய் வழியாக ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, அதே துளையில் இடுக்கியையும் செலுத்தி, மூச்சுவிட்டுக்கொண்டும் இருமிக்கொண்டும் இருக்கும் குழந்தையின் நுரையீரலிலிருந்து ஒரு பொருளை எடுக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இப்பணியின் கடினம் விளங்கும். நோயாளியின் தலையை மேசைக்கு வெளியே சரியான கோணத்தில் தாங்கிப் பிடிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பொது மயக்க மருந்து இல்லாமலேயே இச்சிகிச்சையைச் செய்தார்.

1913இல் இவர் விவரித்த, நுனியில் விளக்குடைய குரல்வளை நோக்கி, மயக்கவியல் துறைக்கும் பயன்பட்டது. மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகுவதற்கு அது வழிகாட்டியது.

இடுக்கிகள்

ஜாக்சனின் தனித்தன்மை குழாயை விட இடுக்கிகளிலேயே மிகுதியாக வெளிப்படுகிறது எனலாம். இவை மெல்லிய தண்டின் முனையில் சிறு தாடைகள் கொண்டவை. கைப்பிடி பார்வைக் கோட்டுக்கு விலகி அமைந்திருக்கும். இல்லையெனில் பிடிக்கும் கையே கண்ணை மறைத்துவிடும். விரல் அழுத்தத்தைத் தாடைகள் இழப்பின்றி உணர்த்த வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். நிலக்கடலையை இறுகப் பிடித்தால் நொறுங்கித் துண்டுகள் மேலும் ஆழத்துக்குப் போய்விடும். ஆணியைத் தளர்வாகப் பிடித்தால் நழுவிவிடும்.

நிலக்கடலை குறித்து அவர் சிறப்பாக எச்சரித்தார். அது எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியாது. மூச்சுக் கிளைக்குழலில் தங்கினால் குழந்தைகளுக்குக் கடும் அழற்சியை உண்டாக்கும். கடைவாய்ப் பற்கள் முளைக்காத குழந்தைகளுக்குக் கொட்டை வகைகளைக் கொடுக்கக்கூடாது என்று அவர் பெற்றோருக்கு அறிவுறுத்தினார். மூச்சில் இளைப்பொலி கேட்டவுடன் ஆஸ்துமா என்று முடிவு கட்டிவிடாமல், ஏதேனும் பொருள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும்படி மருத்துவர்களுக்கும் வலியுறுத்தினார்.

மிகக் கடினமான சிக்கல், திறந்த நிலையில் கூர்முனை மேல்நோக்கிச் சிக்கிய ஊக்கு. அதை அப்படியே இழுத்தால் கூர்முனை சுவரில் குத்தி ஏறும். கூர்முனை முன்னே செல்லும்போதுதான் குத்தும், பின்னே இழுபட்டு வந்தால் குத்தாது என்பது ஜாக்சனின் அடிப்படைக் கணக்கு. எனவே ஊக்கின் சுருள்பகுதியைத் தளர்வாகப் பற்றி இரைப்பைக்குள் தள்ளி, அகன்ற அவ்விடத்தில் திருப்பி, சுருள் முன்னும் முனை பின்னுமாக வெளியே கொண்டு வரும் முறையை வகுத்தார். பற்றிய பொருள் தானே சுழன்று திரும்ப இடம் தரும் சுழல் இடுக்கியையும், உள்ளேயே ஊக்கை மூடும் கருவியையும் அமைத்தார்.

புதுவகைப் பொருள் ஒன்று சிக்கிய நோயாளி வந்தால், அவசரம் இல்லாதபோது அவர் உடனே கருவியை எடுப்பதில்லை. அதே போன்ற பொருளை ரப்பர்க் குழாயில் வைத்து, எவ்வாறு பற்றுவது, எவ்வாறு திருப்புவது என்று பலமுறை ஒத்திகை பார்ப்பார். இருக்கும் இடுக்கி போதவில்லையெனில் புதிதாக ஒன்றை வடிவமைப்பார். மனித உடலில் முதன்முறையாகச் சோதிக்கக்கூடாது என்ற இந்த ஒழுங்கு பொறியியல் படிப்போருக்கும் பழக்கமானதே. இவருடைய சிகிச்சையகத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பொருட்கள் வாய்வழியாகவே எடுக்கப்பட்டன. இவருடைய கருவிகளைப் பிலடெல்பியாவின் பில்லிங் நிறுவனம் தயாரித்து விற்றது.

காரப்பொருள் சட்டம்

அக்கால அமெரிக்க வீடுகளில் சோப்பு காய்ச்சவும் அடைப்பு நீக்கவும் காஸ்டிக் சோடா என்னும் சோடியம் ஐதராக்சைடு சாதாரணமாகப் பயன்பட்டது. சர்க்கரை போல வெண்மையாக இருக்கும் அதைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டனர். பிழைத்த குழந்தைகளின் உணவுக்குழல் வெந்து, தழும்பேறி, நாளடைவில் சுருங்கி அடைத்துக்கொள்ளும். பின் பாலும் நீரும்கூட இறங்காமல் அவர்கள் பட்டினியால் மெலிந்தனர். உணவுக்குழல் நோக்கி வழியாக விரிப்பான்களைச் செலுத்தி, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அவ்வழியை ஜாக்சன் சிறிது சிறிதாக விரித்து வந்தார். நீர்கூட விழுங்க இயலாதிருந்த ஒரு சிறுமி, சிகிச்சைக்குப் பின் ஒரு குவளை நீரைக் குடித்து முடித்துத் தம் கையை முத்தமிட்டதை அவர் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார்.

எத்தனை குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தாலும் அதே விபத்து அடுத்த வீட்டில் நிகழ்ந்துகொண்டே இருந்தது. எனவே, இப்பொருட்களின் பொட்டலங்களில் நஞ்சு என்று எழுதப்பட வேண்டும் எனக் கோரிப் பல ஆண்டுகள் மாநிலச் சட்டமன்றங்களையும் நாடாளுமன்றத்தையும் அணுகினார். கூட்டத்தில் பேசுவதற்கே கூச்சப்பட்ட ஒருவர் இதைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்க மருத்துவச் சங்கம் அவருக்குத் துணை நின்றது. மார்ச் 4, 1927 அன்று குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் கூட்டாட்சிக் காரநஞ்சுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நஞ்சு என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதும், விழுங்கிவிட்டால் செய்ய வேண்டிய முதலுதவியைக் குறிப்பிடுவதும் கட்டாயமாயின. 1960இல் வந்த தீங்குதரும் பொருட்கள் குறித்த விரிவான சட்டம் இதன் இடத்தைப் பெற்றது.

மூச்சுக்குழல் துளைப்பு

மூச்சு அடைபட்டவர்களுக்குக் கழுத்தில் துளையிடும் சிகிச்சையிலும் ஜாக்சனின் செல்வாக்கு பெரிது. துளையை மிக மேலே, குரல்வளையை ஒட்டி இடுவதால் பின்னர் குரல்வளை சுருங்கிப்போகிறது என்று 1921இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதன்பின் துளையைச் சற்றுக் கீழே இடுவதே வழக்கமாயிற்று. ஆயினும் இவருடைய கண்டனம் அளவுக்கு மீறி வேரூன்றியது என்றும் கூறலாம். குரல்வளைக் குருத்தெலும்புகளுக்கிடையே துளையிடும் விரைவான முறையும் அதனுடன் சேர்த்து ஒதுக்கப்பட்டது. 1976இல் பிரான்டிகன், குரோ ஆகியோர் 655 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகே அது மீண்டும் மதிப்புப் பெற்றது. இன்று அவசரச் சிகிச்சையில் அது இன்றியமையாதது.

பிற்காலம்

1911 முதல் காசநோய் ஜாக்சனைப் பலமுறை படுக்கையில் தள்ளியது. ஓய்வுக் காலங்களில் நூல்கள் எழுதினார். அவற்றுக்கான படங்களையும் தாமே வரைந்தார். 1916இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியராகப் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் அந்நகரின் பிற மருத்துவக் கல்லூரிகளிலும் கற்பித்தார். இரு கைகளாலும் வண்ணச் சுண்ணக்கட்டிகளைக் கொண்டு கரும்பலகையில் ஒரே நேரத்தில் வரையும் இவருடைய வகுப்புகள் புகழ் பெற்றவை. பெண்கள் மருத்துவம் பயில வாய்ப்புகள் குறைவாக இருந்த காலத்தில், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவராக 1935 முதல் 1941 வரை பணியாற்றினார். ஏழை நோயாளிகளிடம் கட்டணம் பெறுவதில்லை. கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலிருந்தும் இவரது சிகிச்சையகத்தை நாடி வந்தனர்.

சுவெங்க்ஸ்வில் என்ற ஊரில் பழைய நீராலை ஒன்றை வாங்கி அதை வீடாகவும் பட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார். 92ஆம் வயதில் காலமானார். மகன் செவாலியர் எல். ஜாக்சனும் இதே துறையில் மருத்துவராகி, தந்தையுடன் இணைந்து நூல்கள் எழுதினார், 1961இல் மறைந்தார்.

1960களில் ஜப்பானின் சிகேடோ இகெடா உருவாக்கிய வளையும் இழைநோக்கி, நோயறியும் பணிகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. எனினும் குழந்தைகளின் மூச்சுக்குழலில் சிக்கிய பொருளை எடுப்பதற்கு நேரான உலோகக் குழாயே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. குழாய் வழியாகவே மூச்சு அளிக்கவும் உறுதியான இடுக்கியைச் செலுத்தவும் அதில் இயலும்.

சேகரிப்பு

எடுத்த பொருட்களை ஜாக்சன் நோயாளிகளிடம் திருப்பித் தருவதில்லை, கேட்டவர்களுக்கும் மறுத்தார். அவை பிற மருத்துவர்கள் பயில்வதற்கானவை என்பது அவர் கருத்து. ஒவ்வொரு பொருளுடனும் நோயாளியின் வயது, பொருள் சிக்கிய இடம், எடுத்த முறை போன்ற விவரங்களைப் பதிந்து வைத்தார். 1924இல் பிலடெல்பியா மருத்துவர்கள் கல்லூரியின் மியூட்டர் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்ட இச்சேகரிப்பில் 2,374 பொருட்கள் உள்ளன. ஊக்குகள், காசுகள், பொத்தான்கள், எலும்புத் துண்டுகள், கொட்டைகள் ஆகியவற்றுடன் ஒரு சிறிய பூட்டும், பொம்மை இருகண் நோக்கியும், நாள் தவறாமல் பள்ளிக்கு வந்ததற்காக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்ட பதக்கமும் மெல்லிய இழுப்பறைகளில் வைக்கப்பட்டுள்ளன.