முகம் மீட்டுத் தந்த மருத்துவர்

போரில் பட்ட விழுப்புண்ணைப் பெருமையாகப் பாடிய மரபில் வந்தவர்கள் நாம். ஆனால், முதல் உலகப் போரில் தாடையும் மூக்கும் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு அவ்வடு பெருமையாகத் தோன்றவில்லை. அவர்கள் தங்கிய மருத்துவமனைக் கூடத்தில் முகம்பார்க்கும் கண்ணாடிக்கே தடை இருந்தது. அவர்களுக்கு முகம் மீட்டுத் தந்தவர் சர் ஹெரால்டு கில்லீஸ்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1882இல் பிறந்த இவர், இங்கிலாந்தில் பயின்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரானார். 1915இல் பாரிசில் மொரெஸ்டின் என்னும் அறுவை வல்லுநர் முகத்தைச் சீரமைப்பதை நேரில் கண்டது இவர் வாழ்வைத் திருப்பிற்று. 1917இல் இலண்டனை அடுத்த சிட்கப்பில், முகக் காயங்களுக்கென்றே இவருடைய மருத்துவமனை திறக்கப்பெற்றது.

அந்நாளில் காயத்தின் விளிம்புகளை இழுத்துத் தைத்துவிடுவதே வழக்கம். ஆறும் தழும்பு சுருங்கும். சுருங்குகையில் இமையையும் உதட்டையும் இழுத்துக் கோணலாக்கும். கில்லீஸோ பழைய தழும்பை அறுத்து நீக்கி, எஞ்சிய உறுப்புகளை அவற்றுக்குரிய இடத்தில் நிறுத்திய பின்னரே இழந்ததற்கு ஈடு தேடினார். மார்புத் தோலை வேரறாமல் பெயர்த்துக் குழாய்போலச் சுருட்டித் தைத்து, மறுமுனையை முகத்தில் பொருத்தினார். குருதியோட்டமும் நிற்கவில்லை, சீழ்பிடிப்பதும் குறைந்தது. பெனிசிலின் அறியாத காலம் அது! ஒரு முகத்துக்கே பல அறுவைகள், பல ஆண்டுகள். இந்தப் பொறுமையையே இவரது பெருந்திறன் என நாம் கருதுகிறோம்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குச் சிகிச்சை பெற்றனர். 1930இல் சர் பட்டம் பெற்ற கில்லீஸ் 1960இல் மறைந்தார். வடுவை அடியோடு அழிக்க அவராலும் இயன்றதில்லை. சிட்கப் சாலையோரம் நீல வண்ண இருக்கைகள் சில இருந்தன. அவற்றில் அமர்ந்திருப்போரைக் கண்டு திடுக்கிடலாகாது என்பதை ஊரார் அறிந்திருந்தனர்.