உமறுப் புலவர்

செந்தமிழை வளர்த்த சான்றோர் ஒரு சமயத்தார் மட்டும் அல்லர். சமணரும் பௌத்தரும், சைவரும் வைணவரும், இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் சமயப் பெரியோர்தம் வரலாறுகளைத் தமிழிற் பாடி, நம் மொழிக்கு வளம் சேர்த்தனர். ஒருவர் வகுத்த இலக்கிய நெறியை மற்றொரு சமயத்தார் போற்றிக் கைக்கொண்டதும் உண்டு. திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் முருகப் பெருமான்மீது திருப்புகழ் பாடினார். அதன் சந்த இனிமையில் உள்ளம் பறிகொடுத்த காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அந்நெறியிலேயே நபிகள் நாயகத்தின்மீது ஒரு திருப்புகழ் பாடினார். அவ்வாறே, கம்பர் காட்டிய காப்பிய நெறியில் நின்று நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடியவர் உமறுப் புலவர். அவர் இயற்றிய பெருங்காப்பியமே சீறாப் புராணம்.

உமறு, இளசை எனப்படும் எட்டயபுரத்தில் 1642ஆம் ஆண்டில் பிறந்தார் என்பர். அவர் தந்தையார் செய்கு முதலியார் என்பவர். நறுமணப் பொருள்களை விற்று வாழ்ந்தவர். அக்காலத்தில் எட்டயபுரம் அரண்மனையில் கடிகைமுத்துப் புலவர் அவைக்களப் புலவராக விளங்கினார். சமுத்திர விலாசம் என்னும் நூலை இயற்றிய பெரும்புலவர் அவர். இளைஞர் உமறுவின் கூரிய அறிவையும் தமிழார்வத்தையும் கண்ட அவர், தம் மாணாக்கராக அவரை ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் ஒரு சமயத்தவர். மாணாக்கர் மற்றொரு சமயத்தவர். ஆயினும் கற்பித்தலிலும் கற்றலிலும் அவ்வேறுபாடு குறுக்கிடவில்லை. இலக்கணமும் இலக்கியமும் ஐயந்திரிபறக் கற்ற உமறு, விரைந்து கவி பாடும் ஆற்றலும் பெற்றார்.

உமறுவுக்குப் பதினாறு வயது நிகழ்ந்தபோது, வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவர் ஒருவர் தம் புலமையால் செருக்குற்று, ஊர்தோறும் புலவர்களை வாதுக்கு அழைத்து வென்று வந்தார் என்றும், எட்டயபுரம் வந்த அவரை இளைஞர் உமறு அவையில் எதிர்நின்று வென்றார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். பின்னர், ஆசிரியர் வீற்றிருந்த அவைக்களப் புலவர் பதவி மாணாக்கரை வந்தடைந்தது. அரசனது மதிப்பும், பரிசிலும், புகழும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தன.

அந்நாளில் கீழக்கரையில் செய்கப்துல் காதிறு மரைக்காயர் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். கடல் வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டிய அவர், ஈட்டியதனைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வாரி வழங்கினார். கிழவன் சேதுபதி மன்னரின் அன்புக்கு உரியவராகவும் திகழ்ந்தார். மக்கள் அவரைச் சீதக்காதி என வழங்கினர். இறந்த பின்னும் கொடுத்த வள்ளல் என்று இன்றும் பழமொழியில் போற்றப்படுபவர் அவரே.

சீதக்காதியின் உள்ளத்தில் நெடுநாளாக ஒரு குறை இருந்தது. இராமபிரான் வரலாற்றைப் பாடக் கம்பர் இருந்தார். சிவனடியார் வரலாற்றைப் பாடச் சேக்கிழார் இருந்தார். நபிகள் நாயகத்தின் வரலாறோ அரபு, பாரசீக மொழிகளில் இருந்தது. தமிழே பேசித் தமிழே பாடி வாழ்ந்த இசுலாமிய மக்கள், தம் நபியின் வரலாற்றைத் தம் தாய்மொழியில் காப்பியமாகக் கேட்கும் பேறு பெற்றிலர். இக்குறையைத் தீர்க்க வல்லவர் உமறுவே எனத் தெளிந்த வள்ளல், அவரைத் தம்மிடம் அழைத்து, இப்பணியை ஏற்குமாறு வேண்டினார். புலவரும் மகிழ்ந்து இசைந்தார்.

ஆயினும் உமறுவின்முன் ஒரு பெருந்தடை நின்றது. அவருக்குச் செய்யுள் இயற்றும் திறம் இருந்தது, செய்தி இல்லை. கற்பனைக் கதையாயின் புலவர் தம் விருப்பம்போல் கூட்டியும் குறைத்தும் பாடலாம். நபிகள் வரலாறு அத்தகையது அன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அரபு நூல்களை முறையாகக் கற்ற சான்றோர் வாயிலாகக் கேட்டுத் தெளிந்தே பாடுதல் வேண்டும். ஆதலின் சீதக்காதி, மார்க்கக் கல்வியிற் சிறந்த சதக்கத்துல்லா அப்பா என்னும் பெரியாரிடம் உமறுவை அனுப்பினார்.

அரசவைப் புலவர்க்குரிய ஆடை அணிகளுடன் தம்முன் வந்து நின்ற உமறுவைச் சதக்கத்துல்லா அப்பா கண்டார். மன்னரைப் புகழ்ந்து பாடிப் பழகிய நா, நபிகள் வரலாற்றையும் மிகைபடப் பாடிவிடுமோ என்று அவர் ஐயுற்றார் போலும். வரலாற்றுரை வழங்க அவர் இசையவில்லை. அவையில் வாகை சூடிய புலவர் வெறுங்கையராய்த் திரும்ப நேர்ந்தது.

இந்நிலையில் உமறு சினந்து எட்டயபுரம் திரும்பியிருக்கலாம். அங்கு அவருக்கு அரசனது ஆதரவு காத்திருந்தது. அன்றி, தாம் அறிந்த அளவு கொண்டு நூலைப் பாடத் தொடங்கியிருக்கவும் கூடும். அவர் இரண்டையும் செய்திலர். தம் தகுதியின்மையே மறுப்புக்குக் காரணம் எனக் கொண்டு, உணவும் உறக்கமும் நீத்து, இறைவனை நினைந்து உருகினார். நபிகள் நாயகம் அவர் கனவில் தோன்றி அருளினார் என்றும், அதன்பின் சதக்கத்துல்லா அப்பாவும் மனமிரங்கி இசைந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அப்பெரியார், பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த தம் மாணாக்கர் ஒருவரிடம் வரலாற்றைக் கேட்டறியுமாறு உமறுவைப் பணித்தார். நாடறிந்த புலவர் மீண்டும் ஒரு மாணாக்கராகிப் பாடம் கேட்கலானார். கேட்டவற்றை நெஞ்சில் பதித்துச் செய்யுளாக வடித்தார்.

நூல் வளர்ந்து வருங்கால் மற்றோர் இடர் வந்துற்றது. நூலைப் பாடுவித்த வள்ளல் சீதக்காதி, அது நிறைவுறுமுன்னே மறைந்தார். ஆதரிப்பாரின்றிப் பணி நின்றுவிடுமோ என்னும் நிலையில், பரங்கிப்பேட்டை வணிகரான அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரைப் புரந்தார். சடையப்ப வள்ளலைக் கம்பர் தம் காப்பியத்தில் வைத்துப் போற்றியதுபோல, உமறுவும் அபுல் காசிமைத் தம் நூலில் பல இடங்களில் நன்றியுடன் பாடியுள்ளார்.

சீறா என்பது வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். இந்நூல் 5027 செய்யுட்களை உடையது. மூன்று காண்டங்களாகப் பகுக்கப்பட்டது. நபிகளின் பிறப்பும் இளமையும் கூறுவது விலாதத்துக் காண்டம். நாற்பதாம் வயதில் அவர் இறைத்தூதராகியதையும் அதன் பின்னர் நிகழ்ந்தவற்றையும் கூறுவது நுபுவ்வத்துக் காண்டம். 622ஆம் ஆண்டில் அவர் மக்க நகர் நீங்கி மதீனம் சென்றதையும், அங்கு நிகழ்ந்தவற்றையும் கூறுவது ஹிஜ்றத்துக் காண்டம்.

இசுலாமிய மரபின்படி, நபிகள் நாயகம் இறைத்தூதர் வரிசையில் இறுதியானவர். ஆதம் முதலாக நூகு, இபுறாகீம், இசுமாயீல், மூசா, ஈசா முதலிய நபிமார் பலர் அவருக்கு முன்னர்த் தோன்றினர். உமறு தம் நூலின் தலைமுறைப் படலத்தில், முதல் மனிதராகிய ஆதமிடத்து வைக்கப்பெற்ற பேரொளி ஒன்று வழிவழியாக இறங்கி வந்து நபிகள் நாயகத்தின் பெற்றோரை அடைந்ததாகப் பாடுகின்றார். முன்னை நபிமார் கதைகளும் இவ்வாறு தமிழ்க் காப்பியத்துள் இடம் பெற்றன.

உமறு அரபு நாட்டைப் பாடும்போதும் அவர் கண்முன் நின்றது தமிழ்நாடே. மலையிற் பிறந்த வெள்ளம் காட்டைக் கடந்து வயலில் பாய்கின்றது. உழவர் ஏர் பூட்டுகின்றனர். மகளிர் நாற்று நடுகின்றனர். குறிஞ்சி முதலிய திணை வளமெல்லாம் அங்கே காட்சி தருகின்றன. நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் தமிழ் மரபுக்கேற்பப் பாடிய அவர், நபிகளின் வரலாற்றையோ தாம் கேட்டவாறே பாடினார். அணி தமிழினது, வரலாறு சான்றோரிடம் கேட்டது.

மானுக்குப் பிணை நின்ற படலம் அவர் பாடியவற்றுள் மிகவும் இனியது. காட்டில் வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தான். அவ்வழியே வந்த நபிகள் நாயகத்தை நோக்கி, தன் இளங்கன்று பாலின்றி வாடும் என்றும், சென்று பாலூட்டித் திரும்ப விடை பெற்றுத் தர வேண்டும் என்றும் அம்மான் வேண்டியது. நபிகள் தாமே பிணையாக நிற்பதாகக் கூற, வேடன் ஐயத்துடன் மானை அவிழ்த்து விட்டான். மான் தன் இனத்தை அடைந்து கன்றுக்குப் பாலூட்டியது. திரும்பிச் சென்றால் இறப்பு உறுதி என்பதை அறிந்தும், தன்பொருட்டுப் பிணை நின்றவரின் சொல் பொய்த்தல் ஆகாது எனத் துணிந்து புறப்பட்டது. கன்றும் தாயைப் பின்தொடர்ந்தது. இரண்டும் ஒருங்கே வந்து நிற்கக் கண்ட வேடன் மனம் மாறினான். மானை விடுவித்து நபிகளின் நெறியில் சேர்ந்தான். தாயின் அன்பும், சொல் தவறாமையும், அடைக்கலம் புகுந்த உயிரைக் காக்கும் அருளும் இவ்வொரு நிகழ்ச்சியில் ஒருங்கே விளங்குகின்றன.

முதுமொழிமாலை என்னும் நூலும் உமறு இயற்றியதே. அவர் 1703ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மறைந்தார். நபிகள் நாயகம் 632ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். சீறாப் புராணமோ அவர்தம் இறுதி ஆண்டுகளை எய்துமுன்னே நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்னும் பெயரால் பாடி நிறைவு செய்தார். ஏட்டுச் சுவடிகளில் இருந்த சீறாப் புராணத்தை, புலவர் நாயகம் எனப் போற்றப்பெற்ற செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேற்றினார். உமறு அடக்கம் செய்யப்பெற்ற இடத்தில் 1912ஆம் ஆண்டில் நினைவிடம் எழுப்பியவர் பிச்சைக் கோன் என்னும் அன்பர். அவர் இசுலாமியர் அல்லர்.

ஆசிரியர் ஒருவர் தமிழைத் தந்தார். சான்றோர் ஒருவர் வரலாற்றைத் தந்தார். வள்ளல் இருவர் பொருளைத் தந்தனர். பிறர் தந்தவற்றைப் பணிவோடு ஏற்று, அனைவர்க்கும் பயன்படுமாறு திருப்பித் தந்தவர் உமறு. புலமை மிக்கவர்க்கும் கேட்டுக் கற்றல் இழிவன்று. அதுவே அவர்தம் புலமைக்குப் பயன் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.