தவறை ஒப்புக்கொண்ட பேராசிரியர்

2025-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டபோது குவாண்டம் கணினிகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெர்க்லியில் அவர்கள் நடத்திய சோதனைகளின் மையத்தில் இருந்தது ஜோசப்சன் சந்தி என்னும் ஒரு சிறு கருவி. மின்தடையே இல்லாத இரண்டு மீக்கடத்திகள், அவற்றுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனில் மின்சாரம் கடத்தாத ஒரு படலம். அவ்வளவுதான் அதன் அமைப்பு. அந்தச் செய்திகளைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர், பரிசு பெற்ற மூவருள் எவரும் அல்லர். அப்படியொரு கருவி இயங்காது என்று 1962-இல் அச்சிலேயே எழுதிய ஜான் பார்டீன்.

பார்டீனை அறியாதவர்களும் அவருடைய உழைப்பின் பயனைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவருள் அவர் ஒருவர். இயற்பியலுக்கான நோபல் பரிசை இருமுறை பெற்றவர் இன்றுவரை அவர் மட்டுமே. இருந்தும் ஐன்ஸ்டைனைப் போலவோ ஃபெயின்மனைப் போலவோ அவர் பெயர் மக்கள் நாவில் நிற்கவில்லை. அதற்கு அவருடைய சுபாவமே பெரிதும் காரணம் என்று கருதுகிறேன். அவர் பேசுவது அருகில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. வகுப்பில் மாணவர் கேள்வி கேட்டால் நெடுநேரம் மௌனமாக நின்றுவிட்டுச் சில சொற்களில் விடை சொல்வார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் 1908-இல் பிறந்தார். தந்தை மருத்துவப் பேராசிரியர். பார்டீன் பதினைந்தாம் வயதிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மின்பொறியியல் படித்தார். பிறகு பிட்ஸ்பர்கில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் மூன்றாண்டுகள், நிலத்தடியில் எண்ணெய் தேடும் வேலை. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933-இல், அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு பிரின்ஸ்டனில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே யூஜின் விக்னரிடம் திடப்பொருள்களின் குவாண்டம் கொள்கையைக் கற்றார். ஹார்வர்டு, மின்னசோட்டா, போர்க்காலத்தில் கடற்படை ஆய்வகம் எனச் சுற்றி, 1945-இல் பெல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே வில்லியம் ஷாக்லி வகுத்த ஒரு குறைக்கடத்திக் கருவி, கணக்குப்படி வேலை செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. பொருளின் மேற்பரப்பிலேயே எலக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு, வெளியிலிருந்து தரப்படும் மின்புலத்தை உள்ளே விடாமல் தடுக்கின்றன என்று பார்டீன் விளக்கினார். தோல்விக்கு அவர் கண்ட இந்தக் காரணமே அடுத்த படிக்கு வழியாயிற்று. 1947 டிசம்பரில் அவரும் வால்டர் பிராட்டைனும் ஜெர்மேனியத் துண்டு ஒன்றின்மீது, தலைமுடிப் பருமனேயான இடைவெளியில், இரண்டு தங்க முனைகளை அழுத்தி வைத்து மின்குறியைப் பெருக்கிக் காட்டினர். அன்று வீடு திரும்பியவர், சமையலறையில் வேலையாக இருந்த மனைவியிடம், முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்ததாக முணுமுணுத்தாராம். விளம்பரத்துக்காக எடுத்த படத்திலோ, கருவியின் முன் அமர்ந்திருப்பவர் ஷாக்லி. அதைச் செய்த இருவரும் பின்னால் நிற்கிறார்கள்.

அதன்பின் முக்கியமான ஆய்வுப் பாதைகளை ஷாக்லி தம் கையிலேயே வைத்துக்கொண்டார். பார்டீன் சண்டையிடவில்லை. தம் நிலையை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, 1951-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா என்ற சிற்றூரில், பேராசிரியர் பதவியை ஏற்றார். இயற்பியல், மின்பொறியியல் என இரு துறைகளிலும் அவருக்கு இடம் தரப்பட்டது. தம் கண்டுபிடிப்பைச் சந்தைப்படுத்திப் பணம் சேர்க்கும் எண்ணமே அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. குறைக்கடத்தி ஆய்வில் அவரிடம் முதலில் சேர்ந்த மாணவர் நிக் ஹோலோன்யாக், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி. விளக்கை 1962-இல் உருவாக்கியவர் அவரே.

பார்டீனின் மனமோ வேறொன்றில் இருந்தது. சில உலோகங்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்தால் மின்தடை அறவே மறைந்துவிடுகிறது என்பது 1911-லேயே தெரியும். ஏன் என்பதை விளக்க முயன்று பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் தோற்றிருந்தனர். பார்டீன் தம்முடன் லியான் கூப்பர் என்ற இளம் ஆய்வாளரையும் ராபர்ட் ஷ்ரீஃபர் என்ற மாணவரையும் சேர்த்துக்கொண்டார். ஒன்றையொன்று விலக்க வேண்டிய எலக்ட்ரான்கள், அணுக்களின் அதிர்வு வழியாக ஈர்க்கப்பட்டு இணைகளாகின்றன என்று கூப்பர் காட்டினார். அந்த இணைகள் அனைத்தும் சேர்ந்து ஒரே குவாண்டம் நிலையில் இயங்குவதற்கான கணித வடிவத்தை, 1957-இன் தொடக்கத்தில், நியூயார்க் சுரங்க ரயிலில் போகும்போது ஷ்ரீஃபர் எழுதினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், நம்பிக்கையிழந்து வேறு ஆய்வுக்குப் போகவிருந்த அவரை, இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு, டிரான்சிஸ்டருக்கான நோபல் பரிசைப் பெற பார்டீன் ஸ்டாக்ஹோம் சென்றிருந்தார்.

அந்த மார்ச் மாதம் பிலடெல்பியாவில் நடந்த இயற்பியல் மாநாட்டில் இந்தக் கொள்கையை அறிவிக்க வேண்டியிருந்தது. பார்டீன் போகவில்லை. தாம் மேடையேறினால் புகழ் தம் பக்கமே சாயும் என்று அறிந்து, இளையவர் இருவரையும் பேசப் பணித்தார். ஷ்ரீஃபரால் உரிய நேரத்துக்குப் போய்ச்சேர முடியாமல், இரு உரைகளையும் கூப்பரே நிகழ்த்த நேர்ந்தது தனிக் கதை.

1962-க்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் 22 வயது ஆய்வு மாணவர் பிரையன் ஜோசப்சன், பார்டீன் குழுவின் கொள்கையையே எடுத்துக்கொண்டு, இரு மீக்கடத்திகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய தடுப்பினூடே எலக்ட்ரான் இணைகள், மின்னழுத்த வேறுபாடு ஏதுமின்றியே, பாய்ந்து செல்லும் என்று கணக்கிட்டார். அழுத்தம் தந்தால், ஒரு மில்லிவோல்ட்டுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 48,360 கோடி முறை வீதம் அம்மின்னோட்டம் ஊசலாடும் என்பதும் அவர் முடிவு. பார்டீன் தம் கட்டுரையொன்று அச்சேறும் தருணத்தில் அதில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். இணைகள் தடுப்புக்குள் நீள்வதில்லை. எனவே ஜோசப்சன் சொல்லும் மின்னோட்டம் இராது என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டன் குயீன் மேரி கல்லூரியில் நடந்த மாநாட்டில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டனர். துறையின் தலைமகன் ஒருபுறம், முனைவர் பட்டம்கூடப் பெறாத மாணவர் மறுபுறம். அந்த அவையில் இருந்த பெரும்பாலோர் யார் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1963-இல் பெல் ஆய்வகத்தின் ஃபிலிப் ஆண்டர்சனும் ஜான் ரோவலும் அந்த மின்னோட்டத்தை அளந்துவிட்டனர். பார்டீன் தம் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. ஜோசப்சனையும், தடுப்பினூடே எலக்ட்ரான் பாயும் ஆய்வில் சிறந்த ஐவர் யேவர், லியோ எசாகி ஆகியோரையும் நோபல் பரிசுக்குத் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தார். 1973-இல் அம்மூவருக்கும் பரிசு கிடைத்தது.

இதை முழுத் தியாகமாகச் சித்திரிப்பது சரியன்று. ஒரே துறையில் ஒருவருக்கு இருமுறை தருவதில்லை என்ற வழக்கத்தால், தம் பெயரோடு பிணைந்த கூப்பரும் ஷ்ரீஃபரும் பரிசை இழப்பார்களோ என்ற கவலை அவரை அரித்தது. ஜோசப்சன் முதலியோரின் ஆய்வுக்குப் பரிசு கிடைத்தால், அதற்கு அடிப்படையான தம் குழுவின் கொள்கைக்கும் கதவு திறக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கிலும் மாணவருக்கே முதலிடம் இருந்தது என்பதால், எனக்கு அவர்மீதான மதிப்பு குறையவில்லை. முடிவில் வழக்கம்தான் தளர்ந்தது. 1972-இல் அவர்கள் மூவருக்கும் பரிசு வழங்கப்பட்டது. 1956-இல் மூன்று பிள்ளைகளில் ஒருவரை மட்டும் அழைத்துச் சென்றதற்காக ஸ்வீடன் மன்னர் செல்லமாகக் கடிந்துகொண்டபோது, அடுத்த முறை எல்லோரையும் அழைத்து வருவதாக பார்டீன் சொல்லியிருந்தார். சொன்னபடியே அழைத்துச் சென்றார்.

1975-இல் ஓய்வு பெற்றபின்னும் அவர் அலுவலகம் பூட்டப்படவில்லை. சில படிகங்களில் எலக்ட்ரான்களின் அடர்த்தி அலைபோல் ஒழுங்குபட்டு, மின்புலத்தில் மொத்தமாக நகர்வதுண்டு. இந்த நகர்வும் தடுப்பை ஊடுருவிச் செல்லும் குவாண்டம் விளைவே என்று 1970-களின் இறுதியிலிருந்து அவர் வாதிட்டுவந்தார். மேற்பரப்பில் அலை வழுக்குவது போன்ற பழைய இயக்கவியல் விளக்கமே போதும் என்று இளைய தலைமுறையில் பெரும்பாலோர் கருதினர். 1962-இன் காட்சி இடம் மாறி அரங்கேறியது; ஊடுருவலை நம்ப மறுத்தவர், இப்போது அதற்காகத் தனித்து நின்றார். இம்முறை அவரை மாற்றும் அளவீடு எதையும் அவர் ஏற்கவில்லை. மாற்றுக் கருத்தினருக்குப் பதில் எழுதிக்கொண்டும், புதிய முடிவுகளைத் தம் சமன்பாடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டும் எண்பது வயதைக் கடந்தார். 1991 ஜனவரி 30 அன்று பாஸ்டன் நகர மருத்துவமனையில், தமது 82-ஆம் வயதில், காலமானபோது அந்த விவாதம் முடிந்திருக்கவில்லை.